வெறுங்குடத்துக்கு நின்ற டிராலிகள்

கல்யாணத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் ஒரு பருத்தி அரவை ஆலையில் வேலை பார்த்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சை எடுக்கிற ஆலை அது. என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல இன்றைக்கும் எனக்கு வராது. "ரெண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் குடத்தோடு நின்றேன்" என்று சொன்னால், தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரும் ஊற்றினேன்தான். ஆனால் என்னை அங்கே நிறுத்தியது அதற்காக இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆலைக்குள் டிராலி ஓடுவதற்கு இரண்டு சின்னத் தண்டவாளங்கள் உண்டு. ஒன்று, பருத்தி மூட்டைகளை அடுக்கி வைக்க மேட்டில் இருந்த கிட்டங்கியிலிருந்து சரிவாக இறங்கி வரும். இன்னொன்று, மாட்டுவண்டிகள் பருத்தி இறக்குகிற களத்திலிருந்து வாசல் ஓரமாக வரும். அரவைக் கூடத்துக்குச் சற்று முன்னால் இரண்டும் சேர்ந்து ஒரே தண்டவாளமாகி உள்ளே போகும். சேருகிற இடத்துக்குக் கவட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிய டிராலியை இரண்டு மூன்று பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள். முன்னால் ஒருத்தர் பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வருவார். அவர் கட்டையைச் சக்கரத்தில் அழுத்தினால் டிராலி நிற்கும். நிற்க அவருக்கு மனசு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

மனசு யாருக்கும் இல்லை. மேட்டு டிராலிகளைத் தள்ளியவர்கள் பனவடலிசத்திரம் பக்கத்து மானாவாரி ஊர்க்காரர்கள். களத்து டிராலிகளைத் தள்ளியவர்கள் சிவகிரி, புளியங்குடி பக்கத்து நஞ்சைக்காரர்கள். களத்துக்காரர்கள் மேட்டுக்காரர்களைப் பார்த்து "மானத்தப் பாத்து வாயப் பொளந்துட்டு நிக்கிற கூட்டம்" என்பார்கள். மேட்டுக்காரர்கள் களத்துக்காரர்களைப் பார்த்து "நெல்லுச்சோறு எறங்கலேன்னா இவங்களுக்குச் சக்கரம் உருளாது" என்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் திருநீறு யாருக்கு என்று அடித்துக்கொள்கிற ஊர்களில் பிறந்தவர்கள் கவட்டையை மட்டும் சும்மா விடுவார்களா? யார் டிராலி முதலில் நுழைவது என்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை. எதிரே டிராலி வருகிறது என்று தெரிந்தால் மெதுவாக வருகிறவன்கூட வேகமாகத் தள்ளுவான்.

ஒருநாள் மேஸ்திரியே கவட்டையில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். நல்ல மனுஷர், பருத்த உடம்பு, மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. இவ்வளவு பெரிய ஆள் நின்றால் இரண்டு பக்கமும் நின்றுவிடும் என்று நம்பினார். அவர் கடைசி நொடியில் குதித்து விலகினார், டிராலிகள் இரண்டும் மோதின, மூட்டைகள் சரிந்து கிழிந்து அத்தனை பருத்தியும் அவர் மேல் விழுந்தது. ஆட்கள் ஓடிப்போய்த் தோண்டினார்கள். உள்ளேயிருந்து ஒரு தும்மல் சத்தம் வந்தது. ஒற்றைத் தும்மல் ஆகாது என்று எல்லோரும் கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றார்களாம். நல்லவேளையாக அவர் இன்னொரு தடவை தும்மினார், மறுபடியும் தோண்டினார்கள்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம் என்றாலும், அன்றைக்குக் களத்து ஆள் ஒருத்தருடைய கால் சக்கரத்தடியில் மாட்டி எலும்பு முறிந்துபோனது. வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். முதலாளி வந்து கவட்டையில் நின்று, கிழிந்த மூட்டைகளைப் பார்த்தார். "இன்னொரு தடவ இடிச்சுது, மேட்டுத் தண்டவாளத்தப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். அதத் தள்ளுதவங்க அத்தன பேரும் ஊருக்குப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு மணி கட்டினார். ஒரு தடவை அடித்தால் மேட்டு டிராலி வரலாம், இரண்டு தடவை அடித்தால் களத்து டிராலி வரலாம். களத்துக்காக இரண்டு தடவை அடிக்கும்போது முதல் அடியிலேயே மேட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்து ஓர் ஆளிடம் சிவப்புக் கொடி கொடுத்து நிறுத்தினார். அந்த ஆள் சிவகிரிக்காரர். "அவன் ஆளுக்கு அவன் கொடி காட்டுதான்" என்று மேட்டுக்காரர்கள் கொடியை மதிக்கவில்லை. பனவடலிசத்திரத்துக்காரரை மாற்றிப் போட்டார். இப்போது களத்துக்காரர்கள் மதிக்கவில்லை.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்து பருத்தியில் இலையும் சருகும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு ஊருக்குள்ளேயே, தறி நெய்கிற வீடு. அதனால் நான் மானாவாரிக் காட்டுக்காரியும் இல்லை, நஞ்சை வயல்காரியும் இல்லை. எட்டாவது வரை படித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே என் தொண்டை அந்த ஆலையில் பிரசித்தம்.

"ஏட்டி, நீ கத்துனா கிட்டங்கி வரைக்கும் கேக்கும். கவட்டையில போய் நில்லு. யாரு வரணும் யாரு நிக்கணும்னு நீயே சொல்லு. ஆனா ஒண்ணு, இடிச்சுதுன்னா உனக்கும் வேல கெடையாது, எனக்கும் வேல கெடையாது" என்றார் மேஸ்திரி.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பொறுக்குகிற கூடத்தில் மூச்சுவிட்டால் தூசி. அதைவிட்டால் வீட்டில் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை, காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை ராட்டைக்கு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் உட்கார எனக்கு ஜென்மத்தில் ஆகாது. கவட்டைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. மேலே வானம், காற்று, போகிற வருகிற ஆட்கள். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். டிராலி இடித்தால் திரும்பவும் ராட்டைதான் என்பது மனசில் எப்போதும் இருந்தது.

என் தொண்டையை நம்பித்தான் போனேன். ஆனால் "நில்லுங்க அண்ணாச்சி" என்று கத்தினால் அவர்கள் சிரித்தார்கள். "பொம்பளப்பிள்ள சத்தத்துக்கெல்லாம் நிக்கதுக்கா நாங்க டிராலி தள்ளுதோம்?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டு நிற்காமலே போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் இன்னும் கத்துவேன், அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். இடிக்காமல் தப்பித்ததெல்லாம் அவர்கள் அதிர்ஷ்டம்.

இவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துச் சமாதானமாகப் போகலாம் என்று மறுநாள் காலையில் கிணற்றில் ஒரு பித்தளைக் குடம் நிறைய நீர் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கவட்டைக்கு வந்தேன். வந்ததும் நடந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு பக்க டிராலியும் என்னைக் கண்டதும் தலைதெறிக்க ஓடி வந்தன. களத்து டிராலி ஒரு சாண் முந்தியதால் நுழைந்தது. மேட்டு டிராலி அதன் முதுகை உரசிக்கொண்டு நின்றது.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

மேட்டு டிராலியில் கட்டை பிடித்தவர் பிரமாதமாகக் கோபித்துக்கொண்டார். "காலங்காத்தால நெறகொடம் எதுக்க வருது. விட்டா அந்தப் பயலுவல்லா மொதல்ல போவானுவ! அவனுவளுக்குல்லா நல்ல சகுனம் போகும்!"

நிறைகுடம் எதிரே வந்தால் நல்லது நடக்கும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் டிராலி தள்ளும்போதுகூட அதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சமாதானத்துக்குக் கொண்டுபோன தண்ணீர் சண்டையில் முடியப் பார்த்தது. அத்தனை பேருக்கும் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து முடித்துவிட்டு, திட்டிக்கொண்டே காலிக் குடத்தோடு கிணற்றுக்குத் திரும்பினேன். மேட்டிலிருந்து அடுத்த டிராலி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டை பிடித்தவர் என் குடத்தைப் பார்த்தார். கிரீச்சென்று டிராலி நின்றுவிட்டது.

சக்கரம் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன். "என்ன அண்ணாச்சி, ஏன் நின்னுட்டிய?" என்றேன்.

"வெறுங்கொடத்தோட எதுக்க வந்துட்டு ஏன்னு கேக்கியே! கொஞ்சம் நின்னு தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார். அவருக்குப் பின்னால் வந்த டிராலியும் நின்றது. அவர்கள் நின்ற நேரத்தில் களத்து டிராலி ஒன்று நிதானமாகக் கவட்டையைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்விட்டது.

நான் அங்கேயே நின்று அந்தக் குடத்தைப் பார்த்தேன். என் தொண்டைக்கும், மேஸ்திரியின் உடம்புக்கும், மணிக்கும், கொடிக்கும் நிற்காதவர்கள் இதற்கு நிற்கிறார்கள்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று முதல் எனக்கு இரண்டு குடங்கள். பித்தளைக் குடம் தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும், அது போகச் சொல்லுகிற பக்கத்துக்கு. மண்குடம் காலி, அதன் வாய் தெரிகிற மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொள்வேன், அது நிற்கச் சொல்லுகிற பக்கத்துக்கு. வெறுங்குடத்தைப் பார்த்தவர்கள் நின்று, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சாமியை நினைத்துவிட்டுக் கிளம்ப ஆகிற நேரமும், எதிர்ப்பக்க டிராலி கவட்டையைத் தாண்ட ஆகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அளந்து வைத்தால்கூட அப்படி அமைந்திருக்காது. அது சகுனம் இல்லை, நான் வேண்டுமென்றே காட்டுகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் கால் நகரவில்லை. "தெரிஞ்சா என்ன? வெறுங்கொடம் வெறுங்கொடந்தானே?" என்றார்கள்.

மோதல் நின்றுபோனது. மேஸ்திரி பூரித்துப்போய், எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் பொடி நீட்டினார். நான் வேப்பமர நிழலில் மகாராணி மாதிரி நின்றேன்.

அப்போதுதான் மேட்டு டிராலிக்கு ஒரு கறுப்புச் சட்டைக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். காட்டுக்காரர்தான், ஆனால் சாமி இல்லை, சகுனம் இல்லை, ராகுகாலம் இல்லை என்று பேசுகிறவர். அந்தக் கொளுத்துகிற பங்குனி வெயிலிலும் கறுப்புச் சட்டையைக் கழற்ற மாட்டார். அவர் கட்டை பிடித்து வந்த முதல் டிராலிக்கு நான் வெறுங்குடத்தைக் காட்டினேன். டிராலி நிற்கவில்லை. குடத்தை இன்னும் உயர்த்தினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். களத்து டிராலி கவட்டைக்குள் பாதி நுழைந்திருந்தது. "நில்லு, நில்லு!" என்று அலறினேன். அந்த நொடியே கட்டையை அழுத்தி நிறுத்தினார்.

"கண்ணு தெரியலையா ஒமக்கு?" என்று பாய்ந்தேன்.

"தெரியுது. கொடந்தான் தெரிஞ்சுது. கொடத்துக்கு நான் நிக்க மாட்டேன்" என்றார்.

"பெறகு எதுக்கு நின்னீரு?"

"நீங்க நில்லுன்னு சொன்னீங்க. சொன்னா நிக்கேன். அதச் சொல்லுததுக்கு என்ன? வாய் இருக்கு, சத்தம் இருக்கு. கொடத்தக் காட்டி எதுக்கு மிரட்டுதீங்க?"

குடத்தைக் கீழே இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தேன். ஒன்று கவனித்தேன். அந்த ஆலையில் சின்னவர் பெரியவர் எல்லோரும் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் ஒருத்தர்தான் நீங்க, வாங்க என்று பேசினார். பொறுக்குகிற பெண்கள் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரத்துக்கு என்னை விடவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் "வாங்க, இருங்க, கஞ்சி குடிங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவருடைய டிராலிக்கு மட்டும் "நில்லு" என்று வாயால் சொல்லுவேன். உடனே நிற்பார். "போகலாம்" என்றால் போவார். மற்றவர்களுக்கெல்லாம் குடம். தொல்லையாகத்தான் இருந்தது, ஆனால் ஏனோ அவருடைய டிராலி எப்போது வரும் என்று மேட்டைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இதற்குள் ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் விழுந்திருந்தது. வெறுங்குடக்காரி. முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது, புதுத் துண்டு போட்டுக்கொண்டு ஒருத்தர் மாடு வாங்கச் சந்தைக்குக் கிளம்பி எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டார். என் இடுப்பில் குடம் இல்லை. கையில் கஞ்சிச் சட்டிதான் இருந்தது.

தெருவில் அப்படியே நின்றேன். யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு கவனித்தால் இன்னும் சிலரும் அப்படித்தான் செய்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் நான் போகிறவரை வாசலுக்குள்ளேயே நின்றார்கள். எங்கம்மா காதுக்கும் இது எட்டிவிட்டது.

"அந்தக் கவட்டையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு ஒன்னப் பொண்ணு கேட்டு வாரவனும் வாசல்ல வச்சே திரும்பிப் போவான்ட்டி. பேசாம தாரச் சுத்திக்கிட்டு வீட்டுல கெட" என்று அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் குடத்தைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் டிராலிகள் மோதும், மோதினால் ராட்டைதான். அந்த வேலையும் வேண்டும், அந்தப் பெயரும் வேண்டாம் என்றால் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி விருதுநகருக்குக் கிளம்பினார். பஞ்சு விலை பேசுகிற காரியம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆபீஸிலிருந்து வாசலுக்குப் போக அவர் களத்துத் தண்டவாளத்தை ஒட்டித்தான் நடக்க வேண்டும். நெற்றி நிறையத் திருநீறோடு படியிறங்கி வந்தார். அப்போது பார்த்துக் களத்துப் பக்கம் ஒரு டிராலி வர, நான் அதற்கு வெறுங்குடத்தைக் காட்டினேன். டிராலி நின்றது. முதலாளியும் நின்றார். அப்படியே திரும்பி ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரம் கழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் இறங்கினார். நான் அவரைக் கவனிக்கவே இல்லை, என் கண்ணெல்லாம் மேட்டில் இருந்தது. அங்கே இரண்டு டிராலி அடுத்தடுத்து இறங்கியதால் களத்துப் பக்கம் மறுபடியும் குடத்தை நீட்டினேன். அவரும் மறுபடியும் உள்ளே போனார். அடுத்த தடவை படியில் கால் வைத்ததும் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. ரயில் சகுனம் பார்ப்பதில்லை, அது கிளம்பிவிட்டது.

முதலாளியின் குரல் என் குரலைவிடப் பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "வே மேஸ்திரி! என்னவே இது? ஆலைக்குள்ளேயே அபசகுனத்த வேலைக்கு வச்சிருக்கீரா?"

மேஸ்திரி ஓடி வந்து, டிராலிகளை நிறுத்துவது அந்தக் குடந்தான் என்று விளக்கிச் சொன்னார். முதலாளி கேட்டார், ஆனால் ரயில் போன ஆத்திரம் அடங்கவில்லை.

"இனிமே இந்த ஆலைக்குள்ள வெறுங்கொடம் கூடாது. கொடம் இல்லாம நிறுத்தத் தெரிஞ்சா நாளைக்கு நிறுத்திக் காட்டட்டும், நானும் நின்னு பாக்கேன். இல்லேன்னா வீட்டுக்குப் போகச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அபசகுனம் என்று அவர் சொன்னது குடத்தையா, என்னையா என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. மேஸ்திரி கண்ணாலேயே கெஞ்சினார், அதனால் விட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ராட்டையைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் வெறுங்கையோடு கவட்டையில் நின்றேன். முதலாளி ஆபீஸ் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி பொடி போடவும் மறந்து நின்றார். மேட்டில் டிராலி புறப்படுகிற சத்தம் கேட்டது. களத்திலும் கேட்டது. சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போன முகங்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

மேட்டு டிராலி சரிவில் தெரிந்தது. முன்னால் கட்டை பிடித்து வந்தது அந்தக் கறுப்புச் சட்டைக்காரர். வழக்கமாக அவர் வரிசையில் பின்னால்தான் வருவார். அன்றைக்குக் கேட்டு வாங்கி முதல் டிராலிக்கு வந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

கையை உயர்த்தினேன். "மேட்டு டிராலி, நில்லு!"

நின்றது. அது நின்றதும் பின்னால் வந்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஒரே தண்டவாளத்தில் முன்னால் இருப்பவன் நின்றால் அத்தனை பேரும் நின்றுதான் ஆக வேண்டும். மேட்டிலிருந்து வசவு உருண்டு வந்தது.

"ஏலே, கொடந்தான் இல்லைலா! என்னத்துக்குல நிக்க?"

"நில்லுன்னு சொன்னாங்க, நிக்கேன்."

"யாருல சொன்னா?"

"அவங்கதான்" என்று என்னைக் காட்டினார்.

களத்து டிராலி வெற்றி வீரனைப் போலக் கவட்டையைத் தாண்டியது. இப்போது மேட்டு டிராலியைப் போகச் சொன்னேன். அது உருள ஆரம்பித்துவிட்டது. அதே நேரம் களத்துப் பக்கம் அடுத்த டிராலி வந்தது. கட்டை பிடித்திருந்தவர் முறுக்கு மீசை வைத்த ஒரு புளியங்குடிக்காரர், பொம்பளப்பிள்ளை சத்தத்துக்கு நிற்க மாட்டேன் என்று சொன்னவரே அவர்தான்.

"களத்து டிராலி, நில்லுங்க அண்ணாச்சி!"

அவர் நடையில் மாற்றம் இல்லை. மேட்டு டிராலி சரிவில் வேகம் எடுத்துவிட்டது. இனி அதை நிறுத்தினாலும் கவட்டையில் வந்துதான் நிற்கும். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. தொண்டை கிழிய இன்னொரு தடவை கத்தினேன். மீசைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு மேட்டைப் பார்த்தார். சற்று முன் நின்று காட்டிவிட்டு இப்போது இறங்கி வருகிற கறுப்புச் சட்டையைப் பார்த்தார். கட்டையைச் சக்கரத்தில் போட்டு அழுத்தியதில் தீப்பொறி பறந்தது. கவட்டைக்கு ஒரு முழம் முன்னால் டிராலி நின்றது.

"என்னமோ காட்டுக்காரனுக்குத்தான் மரியாத தெரியும்னு நெனச்சிராதீங்கலே! சொன்னா நாங்களும் நிப்போம்!" என்று மேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து போட்டி தலைகீழாகிவிட்டது. யார் முதலில் போவது என்று அடித்துக்கொண்டவர்கள், யார் முதலில் நிற்பது என்று போட்டி போட்டார்கள். நான் வாயைத் திறக்கிறதற்குள் ஒருத்தர் நின்றுவிடுவார், அதைப் பார்த்து எதிர்ப்பக்கமும் நின்றுவிடும். "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று கவட்டையில் கல்யாண வீட்டுப் பந்தி உபசாரம் மாதிரி நடக்கும். உள்ளே எந்திரம் பருத்தி இல்லாமல் சும்மா ஓடும். "யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்களேன்!" என்று கத்துவதே எனக்குப் பாதி வேலையாகிவிட்டது.

முதலாளி அன்றைக்கு வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார். "இப்படி ஒரு தொண்ட இருக்கும்போது கொடம் எதுக்குவே?" என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வேலை எனக்கு நிலைத்தது. மேஸ்திரி அங்கேயே மூக்குப்பொடியை எடுத்து நிறையவே போட்டுக்கொண்டார்.

குடம் போனாலும் ஊருக்குள் பெயர் உடனே போகவில்லை. தெருவில் என்னைக் கண்டு விலகுகிறவர்கள் விலகிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கப் பழகியிருந்தேன். அப்படி நடக்கும்போதுதான், ரத வீதி முக்குக் காபிக் கடைக்குப் பக்கத்தில் தினமும் ஒரு கறுப்புச் சட்டை நிற்பது கண்ணில் பட்டது. அவர் தங்கியிருந்த இடம் ஆலைக்குப் பின்னால். அந்தத் தெரு அவருக்கு வழியே இல்லை.

சில நாள் பேசாமல் போனேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "நெதமும் இங்கன வந்து எதுக்கு நிக்கிய?"

கொஞ்சம் தடுமாறினார். கவட்டையில் முதலாளிக்கு முன்னால்கூடத் தடுமாறாதவர். "ஒங்களப் பாத்துட்டு வேலைக்குப் போகலாம்னு" என்றார்.

எனக்கு உடனே குத்தல்தான் வந்தது. "என்ன, சகுனமா?"

"சகுனமெல்லாம் நான் பாக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. ஒங்களத்தான் பாக்கேன்" என்றார்.

என்னைக் கண்டு ஆட்கள் வீட்டுக்குள் திரும்பிப் போகிற தெருவில், என்னைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தர் வெயிலில் வந்து நின்றிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நேரமாச்சு, நடங்க" என்றேன். நடந்தார். நானும் பக்கத்திலேயே நடந்தேன்.